பான்-ஆப்பிரிக்க ஒற்றுமை: மாநாட்டுக்கு முன்னால் வந்த ஜெபம்

#1 கடலோடி

வணக்கம் நண்பர்களே. ஆப்பிரிக்கரும் உலகெங்கும் சிதறிய அவர்கள் வழித்தோன்றல்களும் ஒன்று என்னும் பான்-ஆப்பிரிக்கம் பற்றித் தமிழில் பேச்சு எடுத்தாலே மூன்று மாநாட்டில்தான் நங்கூரம் போடுகிறோம்: 1900 லண்டன், 1945 மான்செஸ்டர், 1963 அடிஸ் அபாபா. மூன்றும் சரிதான். ஆனால் அந்த அரங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பதில்லை.

1900 ஜூலை 23 முதல் 25 வரை வெஸ்ட்மின்ஸ்டர் நகர மண்டபத்தில் நடந்த மாநாட்டைக் கூட்டியவர் டிரினிடாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ். அதற்குத் தலைமை தாங்கிய அலெக்சாண்டர் வால்டர்ஸ் ஒரு பிஷப். கானாவின் விடுதலைத் தலைவர் குவாமே நிக்ருமா அமெரிக்காவில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் இறையியலிலும் பட்டம் வாங்கியவர். முதலில் அரசியல் ராஜ்யத்தைத் தேடுங்கள் என்று அவர் சொன்னது மத்தேயு 6:33-ஐத் திருப்பிப் போட்டதுதான். கேட்ட மக்களுக்கு வசனம் மனப்பாடம் என்பதால் விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்று. 1897-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே மெதடிஸ்ட் மிஷன் பள்ளி ஆசிரியராக இருந்த ஈனோக் சொன்டொங்கா, 'இன்கோசி சிகெலேல் ஆஃப்ரிகா' என்ற ஜெபப் பாடலை எழுதினார். 'ஆண்டவரே, ஆப்பிரிக்காவை ஆசீர்வதியும்' என்று பொருள். 1912 ஜனவரி 8-ல் புளூம்ஃபோன்டெய்னில் பிற்காலத்து ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தொடங்கிய கூட்டத்தில் பாடினார்கள். இன்று தான்சானியாவின் தேசிய கீதம் அதே மெட்டு. ஜாம்பியாவுக்கும் அதே மெட்டு, சொற்கள் வேறு. தென்னாப்பிரிக்க கீதத்தின் முதல் பாதியும் அதுதான். தேசிய கீதம் என்றால் சொந்த நாட்டைத்தான் வாழ்த்தும். இந்தப் பாட்டு கண்டம் முழுவதையும் வாழ்த்துகிறது; எழுதும்போது வாழ்த்துவதற்குச் சொந்த நாடு என்று ஒன்று அவர்களிடம் இல்லை.

அதன் இரண்டாம் அடியைத் தமிழ் வேதாகமம் படித்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். 'அதன் கொம்பு உயர்த்தப்படட்டும்' என்கிறது. ஷோசா மொழியில் உபோண்டோ என்றால் மாட்டுக் கொம்பு. அன்னாளின் ஜெபத்தில் வரும் அதே கொம்பு. மாட்டை உயிராக மதிக்கும் சமூகத்தில் அந்த வேதச் சொல் அந்நியமாக விழவில்லை, தொழுவத்துச் சொல்லாக விழுந்தது.

என் தரப்பு இது: இந்த ஒற்றுமை அரசியல் கோரிக்கையாவதற்கு நூறு வருடம் முன்பே வழிபாடாக இருந்தது. அறுந்துபோனதைச் சேர்ப்பதுதான் அதன் நோக்கம். இறந்தவர்கள், ஊர், பெயர், மூன்றும் அடிமை வணிகத்தால் அறுந்திருந்தன. அந்த நோக்கம் பின்னுக்குப் போன இடங்களில்தான் ஒற்றுமையும் தளர்ந்தது. தெரிந்தவர்கள் விவரத்தோடு எழுதுங்கள், மறுப்பும் வேண்டும்.

#2 சுடர்விழி

கடலோடி அண்ணா, நீங்கள் தொட்ட பாட்டுக்கு அடியில் ஒரு வசனம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் நகர முடியாது. சங்கீதம் 68:31. எகிப்திலிருந்து பிரபுக்கள் வருவார்கள், எத்தியோப்பியா தேவனை நோக்கிக் கையெடுக்க விரையும் என்ற வசனம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அமெரிக்கக் கறுப்பர் சபைகளில் இந்த ஒரு வசனத்தின் மேல் எத்தனை பிரசங்கம் நடந்திருக்கும் என்று கணக்கு வைக்க முடியாது.

இங்கே ஒரு குழப்பம் வரும். எபிரேயத்தில் அந்த இடம் கூஷ், அதாவது எகிப்துக்குத் தெற்கே இன்றைய சூடான் பக்கம். கிரேக்க மொழிபெயர்ப்பு அதை 'வெயிலில் கருத்த முகத்தார் நாடு' என்ற பொருளில் எத்தியோப்பியா ஆக்கியது. ஆகவே அந்தச் சபைகள் எத்தியோப்பியா என்றபோது கறுப்பு மக்கள் அனைவரையும் சொன்னார்கள், இன்று எத்தியோப்பியா எனப்படும் அபிசீனிய அரசை மட்டும் அல்ல. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் பிற்பாடு ஜமைக்காவில் எழுந்த ராஸ்தஃபாரியர் என்ற சமயத்தார் வரைக்கும் எல்லாமே தவறாகப் புரியும்.

வசனம் அமைப்பான இடம் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. 1892-ல் மங்கேனா மொகோனே என்ற போதகர் வெஸ்லியன் சபையிலிருந்து விலகி எத்தியோப்பியச் சபையைத் தொடங்கினார். காரணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை: கறுப்புப் போதகர்களுக்குத் தனிக் கூட்டம், வெள்ளைப் போதகரைவிடக் குறைந்த படி, எத்தனை வருடம் உழைத்தாலும் மேலே ஒரு வெள்ளையர். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆலன் 1816-ல் நிறுவிய ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை பற்றி அவர்களுக்குத் தெரிய வந்ததும், 1896-ல் ஜேம்ஸ் டுவானே கடல் கடந்து போய் இணைப்பை முடித்தார். 1898-ல் அந்தச் சபையின் பிஷப் ஹென்றி மக்நீல் டர்னர் தென்னாப்பிரிக்கா வந்து சில வாரங்களில் டஜன் கணக்கானவர்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தார். கடவுள் ஒரு கறுப்பர் என்று அதே வருடம் எழுதியவர் அவர். ஒவ்வொரு இனமும் கடவுளைத் தன் சாயலில்தான் பார்த்திருக்கிறது, நாங்கள் மட்டும் ஏன் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம்.

எங்கே உடைந்தது? டர்னர் டுவானேவுக்கு உதவி பிஷப் பட்டம் கட்டினார். அமெரிக்காவில் இருந்த தலைமை அதை முழுமையாக ஏற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிர்பார்த்த பணமும் வரவில்லை. வெள்ளையர் மேலாண்மையிலிருந்து வெளியேறியவர்கள், கடலுக்கு அப்பால் இருந்த இன்னொரு தலைமைக்கு மனுப்போடும் நிலையில் நின்றார்கள். டுவானே ஒரு பகுதியினரோடு ஆங்கிலிகன் சபைக்குள் போய் 1900-ல் எத்தியோப்பிய ஒழுங்கு என்ற பிரிவை ஏற்படுத்திக்கொண்டார். ஒரே வசனம், ஒரே தோல், ஆனாலும் பட்டம் கொடுக்கும் அதிகாரமும் கஜானாவும் யார் கையில் என்ற கேள்வியில் பிளந்தது. ஐம்பது வருடம் கழித்து அரசுகளுக்கு வந்த நோய் இங்கே முதலில் தெரிந்துவிட்டது.

எத்தியோப்பியாவின் அட்வா போரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1896 மார்ச் 1-ல் பேரரசர் இரண்டாம் மெனலிக் இத்தாலியப் படையை முறித்தபோது, குருமார் புனித ஜார்ஜின் தாபோத்தைப் போர்க்களத்துக்குச் சுமந்து வந்தார்கள். தாபோத் என்பது உடன்படிக்கைப் பெட்டியின் நினைவாக ஒவ்வொரு எத்தியோப்பியக் கோவிலின் உள்ளறையிலும் இருக்கும் பலகை. அவர்கள் பஞ்சாங்கத்தில் அன்று யெகாத்தித் 23. ஒவ்வொரு மாதமும் 23-ம் தேதி புனித ஜார்ஜின் நாள். செய்தி கேட்ட கறுப்பு உலகம் அதைப் படை வெற்றியாக மட்டும் வாசிக்கவில்லை, சங்கீத வசனம் நிறைவேறியதாக வாசித்தது.

#3 மண்வாசம்

நல்ல பதிவு சுடர்விழி. ஆனால் இதுவரை பேசியது முழுக்கத் தேவாலயக் கணக்கு. வேர் என்று சொன்னால் அதற்குக் கீழே தோண்ட வேண்டும்.

பிரெஞ்சு அடிமைத் தோட்டக் காலனியான சான் டொமிங், இன்றைய ஹெய்ட்டி. 1791 ஆகஸ்ட் 14 இரவு ப்வா கய்மான் காட்டில் டூட்டி பூக்மான் நடத்திய சடங்கு, உடன் செசில் ஃபாத்திமான் என்ற பெண் குரு. ஒரு வாரத்தில் வடக்குச் சமவெளிக் கரும்புத் தோட்டங்கள் எரிந்தன. 1804 ஜனவரி 1-ல் சுதந்திரம்.

இதைச் சொல்லிவிட்டுப் பலர் நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியம் அந்த அடிமைகளின் சமயமான வோடு வழிபாட்டின் உள்ளமைப்பு. அந்தத் தோட்டங்களில் இருந்தவர்கள் ஒரே மக்கள் இல்லை. ஃபோன், யொரூபா, கொங்கோ என்று மொழி புரியாதவர்கள், ஊரில் ஒருவரோடு ஒருவர் போரிட்டவர்களும் உண்டு. முதலாளிகள் வேண்டுமென்றேகூடக் கலந்து வைத்தார்கள். வோடு இவர்களை எப்படிச் சேர்த்தது? தெய்வங்களை 'நான்ஷோன்' என்ற வரிசைகளாக வைத்துக்கொண்டது. நேஷன் என்ற சொல்தான் அது. ராடா என்பது மேற்கு ஆப்பிரிக்க டஹோமியின் அல்லாடாவிலிருந்து வந்த பெயர். நாகோ யொரூபாக்களுடையது. கொங்கோ, பெட்ரோ வரிசைகள் தனி.

சடங்கின் போக்கைப் பாருங்கள். முதலில் லெக்பாவை அழைக்க வேண்டும், வாசல் திறப்பவர் அவர். அவரைத் தாண்டி வேறு யாரையும் கூப்பிட முடியாது. சோளமாவை விரலிடுக்கில் விட்டுத் தரையில் 'வேவே' கோலம் இடுவார்கள், ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனிக் கோலம். (நம் வீட்டு வாசலில் மாக்கோலம் போடும் கை அசைவேதான், வேறு காரணத்துக்காக.) ராடாவுக்கு மூன்று முரசு: மன்மான், செகோன், பூலா. பெட்ரோவுக்கு இரண்டு முரசு, தாளமும் வேறு, கையால் அடிக்கும் வேகமும் வேறு. ஒவ்வொரு வரிசைக்கும் அதன் முறை வரும். முறை வரும்போது அதன் முரசு, அதன் மொழித்துணுக்கு, அதன் நிறம். முடிவில் இறந்தோரின் தெய்வமான கேடே.

ஒருவரும் தன் தெய்வத்தைக் கைவிட வேண்டியதில்லை. எல்லோரும் எல்லோருடைய முறைக்கும் காத்திருந்து பாட வேண்டும். அரசியல் சாசனம் எழுதப்படுவதற்கு முன்பே ஒரு கூட்டாட்சி அந்தக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது என்பேன். கரைத்து ஒன்றாக்குவதைவிட முறைவைத்து ஒன்றாவது கடினம், ஆனால் அதுதான் நின்றது.

அந்த மனம் சட்டத்திலும் இறங்கியது. 1805 சாசனத்தின் 14-ம் பிரிவு: ஹெய்ட்டியர் அனைவரும் இனி கறுப்பர் என்ற பொதுப்பெயரால் அறியப்படுவர். நிற அளவு பார்த்துச் சட்டம் எழுதிய தீவில் இது எவ்வளவு பெரிய வெட்டு! 1816 சாசனத்தின் 44-ம் பிரிவு அதற்கும் மேலே போகிறது: எங்கே பிறந்த ஆப்பிரிக்கரும் அவர் வழித்தோன்றலும், அமெரிக்கப் பழங்குடி இரத்தத்தவரும், இங்கே வந்து குடியேறினால் ஹெய்ட்டியர். ஒரு வருடம் தங்கினால் குடியுரிமை. அன்றைக்கு உலகத்தில் வேறெங்கே இப்படி ஒரு கதவு இருந்தது?

இதற்கும் முன்னால் ஒன்று உண்டு, கொங்கோ அரசில். 1665 அம்ப்வீலா போருக்குப் பிறகு அந்த அரசு சிதறி உள்நாட்டுப் போரில் கிடந்தது. தோற்றவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். கிம்பா வீட்டா என்ற இளம்பெண், புனித அந்தோணியார் தன்மேல் இறங்கியதாகச் சொல்லி, இயேசு பிறந்தது கொங்கோவில் என்று போதித்து, கைவிடப்பட்ட தலைநகரான அம்பான்சா கொங்கோவில் மக்களைத் திரும்பக் குடியமர்த்தினார். அரசு ஒன்றாக வேண்டும், போர் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. 1706 ஜூலை 2-ல் எரித்துக் கொன்றார்கள்.

#4 ஆவணப்பெட்டி

மண்வாசம், உங்கள் வாதத்தோடு சேர்கிறேன். ஆனால் ப்வா கய்மான் பற்றி எழுதும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். அதைப் பற்றிய முதல் விவரிப்பு அந்துவான் தால்மா என்ற பிரெஞ்சு மருத்துவருடையது, 1814-ல் அச்சானது. கிளர்ச்சியை வெறுத்தவர் அவர். கறுப்புப் பன்றிப் பலியைப் பயங்காட்டவே எழுதினார். பூக்மான் சொன்னதாக இன்று எல்லாரும் மேற்கோள் காட்டும் ஜெபம் ஏரார் துய்மேல் 1824-ல் எழுதிய நூலில்தான் வருகிறது. தோட்டங்களில் மேஸ்திரிகளாக இருந்த அடிமைகள் கூடித் திட்டமிட்ட கூட்டத்தையும் சடங்கையும் சிலர் ஒன்றாக்குவதால் 14-ம் தேதியா 21-ம் தேதியா என்ற விவாதமும் தீரவில்லை.

இதனால் சடங்கு நடக்கவில்லை என்று ஆகாது. சொற்கள் 33 வருடம் கழித்து எழுதப்பட்டவை என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். அவ்வளவுதான்.

#5 கணக்கர்

எல்லாவற்றையும் மரியாதையோடு படித்தேன். மறுப்பு கேட்டீர்கள், சொல்கிறேன். ஒற்றுமை தளர்ந்தது ஆன்மிகம் குறைந்ததால் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தளர்ந்தது எல்லைக்கோட்டிலும் கஜானாவிலும்.

1963 மே 25-ல் அடிஸ் அபாபாவில் 32 நாடுகள் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பை உண்டாக்கின. நிக்ருமா கேட்டது கண்ட அளவில் ஒரே அரசு. கிடைத்தது அரசுகளின் சங்கம். அடுத்த வருடம், 1964 ஜூலை, கெய்ரோ உச்சி மாநாட்டில் விடுதலையின்போது இருந்த எல்லைகளை எல்லோரும் மதிப்பது என்று தீர்மானம். சோமாலியாவும் மொராக்கோவும் ஏற்கவில்லை. காலனியர் போட்ட கோடு சட்டமாயிற்று. காரணம் புரிகிறது, ஒரு கோட்டைத் தொட்டால் எல்லாக் கோடும் அவிழும், ஊருக்கு ஊர் போர். ஆனாலும் பசுபதி இல்லாத பட்டிபோல அவரவர் வேலிக்குள் அவரவர்.

பணத்தைப் பாருங்கள். ஒற்றுமை அமைப்பின் வாரிசான ஆப்பிரிக்க ஒன்றியத்தின் செலவில் பெரும்பங்கு வெளியார் கொடுப்பது. அதை மாற்ற 2016 ஜூலையில் கிகாலியில் முடிவெடுத்தார்கள்: கண்டத்துக்கு வெளியிலிருந்து வரும் தகுதியான இறக்குமதிகள் மேல் 0.2 சதவீத வரி, அது நேராக ஒன்றியத்துக்கு. ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு இரண்டு ரூபாய். அதுவே பல நாடுகளில் ஓடவில்லை. சில நாடுகளுக்கு உலக வர்த்தக விதிகளோடு மோதுமோ என்ற கவலை. சில நாடுகளில் சுங்கத்தில் வசூலானது பொதுக் கஜானாவிலேயே தங்கிவிடும். சிறிய, இறக்குமதியை நம்பிய நாடு தன் அளவுக்கு மேல் சுமப்பதாகச் சொல்லும். இந்த மூன்றையும் எந்த ஜெபம் தீர்க்கும்?

ஆட்களின் நடமாட்டமும் அப்படித்தான். 2018-ல் வந்த தடையற்ற நடமாட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 15 நாடுகளின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கொடுத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதே வருடம் வந்த சுதந்திர வர்த்தகப் பகுதி ஒப்பந்தம் 2019 மே 30-ல் நடைமுறைக்கே வந்துவிட்டது. சரக்குக்குக் கதவு திறக்கிறது, மனிதனுக்குத் திறக்கவில்லை.

#6 கடலோடி

கணக்கர் ஐயா, நீங்கள் கடைசியில் எழுதிய ஒரு வரி என் தரப்புக்குத்தான் சாட்சி. சரக்குக்குத் திறந்து மனிதனுக்குத் திறக்காத கதவு, கதவு எதற்கு வைத்தோம் என்பதை மறந்த கதவு.

நீங்கள் சொன்ன அதே 1964 கெய்ரோ மாநாட்டில் அமெரிக்கக் கறுப்பர் தலைவர் மால்கம் எக்ஸ் பார்வையாளராக இருந்தார். ஏப்ரலில் ஹஜ் முடித்தவர். ஜூன் 28-ல் ஆப்ரோ-அமெரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கியவர். அமெரிக்கக் கறுப்பர் நிலையை ஐ.நா.வுக்குக் கொண்டுபோக உதவுங்கள் என்று அரசுத் தலைவர்களுக்கு மனுக் கொடுத்தார். அமெரிக்க இனப்பாகுபாடு பற்றி மென்மையான ஒரு தீர்மானம் மட்டும் வந்தது, ஐ.நா. வழக்கு வரவில்லை. எல்லைக்கோட்டைப் புனிதமாக்கிய அதே வாரம், அதே ஊர்.

வரியும் சுங்கமும் ஜெபத்தால் தீராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருக்காக வரி கட்டுகிறோம் என்ற உணர்வு இல்லாமல் எந்த வரியும் வசூலாகாது.

#7 நெய்தல்

சடங்கு என்றால் உணர்ச்சி என்று கணக்கர் நினைப்பதுபோலத் தெரிகிறது. சடங்குக்கும் கணக்கு உண்டு. கானாவின் ஆக்கன் மக்கள் தெய்வங்களுக்கும் முன்னோருக்கும் தரையில் பானம் வார்ப்பதை எடுத்துக்கொள்கிறேன். உலகம் முழுக்கப் பான்-ஆப்பிரிக்கக் கூட்டங்களின் தொடக்கத்தில் இதைத்தான் நடத்துகிறார்கள், பலர் தவறாகவும் நடத்துகிறார்கள்.

வார்ப்பவர் சாதாரணமாகத் தலைவரின் வாய்மொழியாளரான ஒக்யாமே, அல்லது குடும்பத்தின் மூத்தவர். தோளிலிருந்து துணியை இறக்கி, செருப்பைக் கழற்றி நிற்பார். கிண்ணம் வலது கையில். இடது கையில் கொடுத்தால் அவமதிப்பு. பழைய வழக்கம் பனங்கள், இப்போது பெரும்பாலும் ஷ்னாப்ஸ் என்ற சாராயம்.

முதலில் ஒன்யன்கோபோன், மேலான கடவுள். அவருக்குக் கிண்ணத்தை உயர்த்திக் காட்டுவார்கள், ஊற்றுவதில்லை. அவருக்குத் தேவை எதுவும் இல்லை. அடுத்து அசாசே யா, பூமித்தாய். அசாந்தியில் அவள் நாள் வியாழன், அன்று மண்ணைக் கொத்துவதில்லை. பிறகு தெய்வங்கள், பிறகு முன்னோர். ஒவ்வொரு அழைப்புக்கும் சில துளி மட்டும். அதன்பின் ஏன் கூடியிருக்கிறோம் என்று நேராகச் சொல்ல வேண்டும், பின்னர் வேண்டுதல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டம் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் வார்ப்பவர் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

எங்கே கெடுகிறது? முதலாவது, கூடிய காரணத்தைச் சொல்லாமல் பொதுவாக 'முன்னோரே' என்று முடிப்பது. காரணம் இல்லாமல் அழைத்தால் விருந்தாளியைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வைத்ததுபோல. இரண்டாவது, பெரிய பெயர்களை மட்டும் அழைப்பது. நிக்ருமா, கார்வி, லுமும்பா என்று அடுக்கிவிட்டு, பெயரே பதிவாகாமல் கடலில் போனவர்களை விட்டுவிடுவார்கள்; அவர்களைப் பெயரில்லாமலேயே அழைக்க ஒரு இடம் வைக்க வேண்டும். மூன்றாவது, மது. முஸ்லிம்களும் பெந்தெகொஸ்தேயினரும் இருக்கும் அவையில் ஷ்னாப்ஸ் எடுத்தால் பாதிப்பேர் மனதால் வெளியே போய்விடுவார்கள். தண்ணீர் போதும், மரபிலும் அதற்கு இடம் உண்டு. கானா அரசு விழாக்களில் கிறிஸ்தவ ஜெபம், முஸ்லிம் துஆ, பானம் வார்த்தல் மூன்றும் இடம்பெறும் வழக்கம் இருக்கிறது. வார்ப்பதைச் சபையினர் எதிர்ப்பதும் ஓயவில்லை. மண்வாசம் சொன்ன முறைவைப்பு இங்கேயும் வேண்டியிருக்கிறது. நிக்ருமா 1964-ல் எழுதிய தத்துவ நூலில் மரபு, இஸ்லாம், ஐரோப்பியக் கிறிஸ்தவம் என்ற மூன்று இழைகளைச் சேர்த்துப் பின்ன வேண்டும் என்றதும் இந்த அவையைப் பார்த்துத்தான்.

#8 பிறைநிலா

இஸ்லாம் இழையில் அரை வரியில் போய்விட்டது, சேர்க்கிறேன். பிரேசிலின் சால்வடோரில் 1835 ஜனவரி 25, ரமலான் கடைசி நாட்கள். மாலே என்று அழைக்கப்பட்ட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் எழுந்தார்கள். பெரும்பாலும் யொரூபாக்கள், ஹவுசாக்கள். கழுத்தில் குர்ஆன் வசனம் எழுதி மடித்த தாயத்து. அடக்கிய பிறகு அந்த அரபு எழுத்துத் தாள்களையே குற்றச் சான்றாக எடுத்துக்கொண்டது அரசு. பலரை ஆப்பிரிக்காவுக்கே நாடு கடத்தினார்கள்.

எட்வர்ட் வில்மட் பிளைடன் பெயரும் இழையில் வர வேண்டும். டேனிஷ் தீவில் பிறந்து லைபீரியாவுக்குப் போன பிரஸ்பிட்டேரியன் போதகர், அரபு கற்றவர். கிறிஸ்தவம் ஆப்பிரிக்கரிடம் சங்கிலியோடு வந்தது, இஸ்லாம் அவரை அவராகவே இருக்க விட்டது என்று 1887 நூலில் வாதித்தார். சகாராவையும் இந்தியப் பெருங்கடலையும் தாண்டி நடந்த அடிமை வணிகத்தை அவர் போதிய அளவு எடைபோடவில்லை. இதை மறைத்து ஒற்றுமை பேசினால் மொரிட்டானியாவிலும் சான்சிபாரிலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

#9 சுடர்விழி

கார்வியையும் ராஸ்தஃபாரியரையும் பற்றிக் கேட்டுத் தனிமடல் வந்தது, இங்கேயே எழுதுகிறேன்.

மார்கஸ் கார்வி 1914-ல் ஜமைக்காவில் தொடங்கிய சங்கத்தின் வாசகம் 'ஒரே கடவுள், ஒரே நோக்கம், ஒரே விதி'. 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் சிவப்பு, கறுப்பு, பச்சைக் கொடியையும் எத்தியோப்பியாவை விளிக்கும் கீதத்தையும் ஏற்றார்கள். அவர் தொடங்கிய கப்பல் நிறுவனம் 1922-ல் நின்றுபோனது எல்லோருக்கும் தெரியும். எனக்கு வியப்பு வேறு. அவர் சங்கத்தில் குருவாக இருந்த ஜார்ஜ் அலெக்சாண்டர் மக்குவயர் 1921-ல் ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் சபை தொடங்கினார். கார்வியின் பத்திரிகையில் அதைப் படித்தே உகாண்டாவில் ரூபன் ஸ்பார்டாஸ் 1929-ல் அதே பெயரில் ஒரு சபையை அறிவித்தார். பட்டம் கொடுக்கத் தென்னாப்பிரிக்காவிலிருந்து டேனியல் வில்லியம் அலெக்சாண்டர் வந்தார். பிற்பாடு, 1946-ல், அந்த உகாண்டா சபை அலெக்சாந்திரியாவின் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தலைமையகத்தோடு சேர்ந்தது. கப்பல் ஓடாத இடத்துக்கு ஒரு செய்தித்தாள் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ராஸ்தஃபாரியர்: 1930 நவம்பர் 2-ல் ஹைலே செலாசி எத்தியோப்பியப் பேரரசராக முடிசூடியதை வேத வசனத்தின் நிறைவேற்றமாகக் கண்டவர்கள். இத்தாலியப் படையெடுப்பின்போது துணைநின்ற உலகக் கறுப்பு மக்களுக்காக 1948-ல் எத்தியோப்பியாவின் ஷாஷமானேயில் 500 ஏக்கர் நிலம் அவர் ஒதுக்கினார். 1975-ல் ராணுவ அரசு நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. குடியேறியவர்களிடம் மிச்சம் துண்டு துண்டாகத்தான். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூட நாடு கிடையாது என்ற நிலை. 2017-ல்தான் அடையாள அட்டை. என்ன தவறியது என்றால், கொடை அரசரின் சொல்லில் நின்றது, குடியுரிமைச் சட்டத்தில் இறங்கவில்லை. அரசர் போனார், சொல்லும் போனது.

#10 புதுநடை

புதியவன். உபுண்டு பற்றி ஒருவரும் பேசவில்லையே? பான்-ஆப்பிரிக்க ஆன்மிகம் என்றால் அதுதான் என்று படித்திருக்கிறேன்.

#11 ஆவணப்பெட்டி

நல்ல கேள்வி தம்பி. ஜூலு மொழியில் 'உமுண்டு இங்குமுண்டு இங்கபண்டு', மனிதன் மனிதனாவது மனிதர்களால். ஷோனாவில் உன்ஹு, சோத்தோவில் போத்தோ, சுவாஹிலியில் உட்டு. எல்லாம் பாண்டு மொழிகள். வோலோஃப், ஹவுசா, அம்ஹாரிக் பேசுவோரிடமும் இதேபோன்ற நெறி உண்டு, ஆனால் இந்தச் சொல்லைக் கண்டம் முழுமைக்கும் ஒட்டுவது சரியில்லை. அந்த மனிதர்களில் இறந்தோரும் பிறக்காதோரும் அடக்கம் என்பதை விட்டுவிட்டால் அது வெறும் நன்னடத்தைப் பாடமாகிவிடும்.

தென்னாப்பிரிக்காவின் 1993 இடைக்காலச் சாசனத்தின் முடிவுரையில் இந்தச் சொல் பழிவாங்கலுக்கு எதிராக வருகிறது, அதே வாக்கியத்தில் ஈடுசெய்தலும் வருகிறது. நடந்தது என்ன? உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் நிறவெறி ஆட்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வருடம் ஆண்டுதோறும் உதவித்தொகை பரிந்துரைத்தது. அரசு ஒரே தவணையில் 30,000 ராண்ட் கொடுத்து முடித்துக்கொண்டது. மன்னிப்புப் பாதியை எடுத்துக்கொண்டு ஈட்டுப் பாதியைச் சுருக்கினார்கள். இன்றும் உபுண்டு என்றால் முகம் திருப்பும் இளைஞர்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

#12 கடலோடி

நோக்கம் பற்றி ஒரு இடத்தைக் காட்டிவிட்டு நிறுத்துகிறேன். கானாவின் அசின் மான்சோ. டொன்கோர் இன்சுவோ, அடிமையின் ஆறு. உள்நாட்டிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களைக் கடற்கரைக் கோட்டைக்குப் போகும் முன் கடைசியாகக் குளிப்பாட்டிய நீர். 1998-ல் ஜமைக்காவிலிருந்து ஒருவர், அமெரிக்காவிலிருந்து ஒருவர், இரண்டு பேரின் எலும்புகளைக் கேப் கோஸ்ட் கோட்டை வழியாக, திரும்பாத வாசல் என்ற அதே வாசலில் கடல் பக்கமிருந்து உள்ளே எடுத்து வந்து, அந்த ஆற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். அந்த வாசலின் கடல் பக்கத்தில் இப்போது 'திரும்பும் வாசல்' என்ற பலகை.

இறந்தவர்களுக்குத் திறந்த வாசல் உயிரோடு இருப்பவர்களுக்கு எவ்வளவு திறந்திருக்கிறது? ஆப்பிரிக்க ஒன்றியம் புலம்பெயர்ந்தோரை ஆறாவது மண்டலம் என்கிறது. அவர்களுக்கு அது வகுத்த வரையறையில், குடியுரிமை எதுவானாலும் சரி, கண்டத்தின் வளர்ச்சிக்கும் ஒன்றியத்தைக் கட்டவும் பங்களிக்க விரும்புகிறவர்கள் என்று ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது. 1816 ஹெய்ட்டி, வந்து இரு என்றது. இது, என்ன கொண்டுவருவாய் என்று கேட்கிறது. எனக்கு அந்த வார்த்தை உறுத்துகிறது.

பெனின் 2024-ல் கொண்டுவந்த சட்டம் ஒரு படி முன்னே. 18 வயது நிரம்பி, வேறு ஆப்பிரிக்க நாட்டுக் குடியுரிமை இல்லாதவர், தன் முன்னோர் சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமையாகக் கடத்தப்பட்டதைக் காட்டினால் குடியுரிமை. மரபணுச் சோதனை, குடும்ப ஆவணம், உறுதிசெய்த சாட்சியம் ஏற்பார்கள். அடிமைகளைப் பிடித்து விற்ற டஹோமியின் மண் அது. 1999-ல் அதன் ஜனாதிபதி மாத்தியூ கெரெக்கு அமெரிக்காவில் பால்டிமோர் தேவாலயம் ஒன்றில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். முழந்தாளிலிருந்து சட்டத்துக்கு வர 25 வருடம்.

#13 மண்வாசம்

பெனின் என்றதும்: ஊய்டாவின் மறதி மரத்தை யாராவது எழுதினால் கவனம். கப்பலேற்றும் முன் ஆண்கள் ஒன்பது சுற்று, பெண்கள் ஏழு சுற்று, பெயரும் ஊரும் மறக்க. இப்படித்தான் அங்கே காட்டுகிறார்கள். அடிமை வணிகக் காலத்து ஆவணத்தில் இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பது வரலாற்றாளர் கருத்து. நினைவுச் சடங்காக மதியுங்கள், நடந்த செயலாக எழுதாதீர்கள்.

#14 கணக்கர்

கடலோடி, வரையறையில் இருக்கும் பங்களிப்பு நிபந்தனை என் கண்ணிலும் படாமல் போயிருந்தது. ஷாஷமானே பாடமும் அதுதான்: சொல் சட்டமாக வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் மறுப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். 0.2 சதவீதம் பற்றிச் சொன்னது மாறவில்லை.

ஒரு சந்தேகம். சொன்டொங்கா பாட்டில் ஆவியை அழைக்கும் அடி உண்டென்று கேள்விப்பட்டேன். தென்னாப்பிரிக்க கீதத்தில் அது காணவில்லையே?

#15 கடலோடி

உண்டு. 'வோஸா மோயா', ஆவியே வாரும். 1997-ல் ஐந்து மொழியில் கீதத்தைச் சுருக்கியபோது அந்த அடி சேரவில்லை. முதலிரண்டு அடி ஷோசா, பின்னிரண்டு ஜூலு, அடுத்து சோத்தோ, ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம். சபைகளிலும் கூட்டங்களிலும் பழைய முறையில் பாடும்போது 'வோஸா மோயா' வருகிறது. முன்பாட்டுக்காரர் விளிப்பார், கூட்டம் திரும்பச் சொல்லும், நெய்தல் சொன்ன அதே குரல்கொடுப்பு.

சொன்டொங்கா 1905-ல் போய்விட்டார். ராகத்தை, சுரங்களை எழுத்தால் குறிக்கும் டோனிக் சோல்ஃபா முறையில் பள்ளி நோட்டில் எழுதி வைத்தவர். கல்லறை எங்கே என்று நெடுங்காலம் தேடினார்கள். பிராம்ஃபோன்டெய்ன் இடுகாட்டுப் பதிவேட்டில் சொன்டொங்கா என்று தேடியதால் கிடைக்கவில்லை. அதில் எழுதியிருந்தது ஈனோக் என்று மட்டும். 1996 செப்டம்பர் 24-ல் அந்த இடத்தை நினைவிடமாக அறிவித்தார்கள்.